ஏழாம் மாதத்தில் ஒற்றைத் தலைவலியும் கண்ணில் மின்னும் கோடுகளும்: எதைக் கவனிக்க வேண்டும்?

கேள்வி: கானாடுகாத்தான் வாசகி

அனைவருக்கும் வணக்கம். எனக்கு இது தலைப்பிரசவம். இப்போது 26-ஆவது வாரம் நடக்கிறது. கணவர் சிங்கப்பூரில் வேலை பார்ப்பதால், மாமியாரோடும் கணவரின் அப்பத்தாவோடும் கானாடுகாத்தானில் இருக்கிறேன். கல்லூரியில் படித்த காலத்திலிருந்தே எனக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. கருவுற்ற முதல் மூன்று மாதங்களில் அது மசக்கை வாந்தியோடு சேர்ந்துகொண்டு என்னைப் பாடாய்ப் படுத்திவிட்டு, நான்காம் மாதத்தில் தானாகவே ஓய்ந்துபோனது. ஆனால் சென்ற மாதம் இதுவரை இல்லாத ஒன்று தொடங்கியிருக்கிறது.

வீட்டிலிருந்தபடியே ஒரு கடைக்குக் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறேன். முகப்பில் உட்கார்ந்து மடிக்கணினியில் கணக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, ஒவ்வொரு தொகையிலும் நடுவில் இருந்த எண் மட்டும் தெரியாமல் போயிற்று. திரையில் தூசி படிந்திருக்கிறது என்று நினைத்துத் துடைத்தேன். அப்புறம் சுவரைப் பார்த்தால் சுவரிலும் அதே இடத்தில் ஒரு வெற்றிடம் இருந்தது. சிறிது நேரத்தில் அந்த வெற்றிடத்தின் ஓரத்தில், கண்டாங்கிச் சேலைக் கரையில் ஓடும் கோபுரப் பற்களைப் போல, வளைந்து வளைந்து மின்னும் கோடுகள் தோன்றின. அவை மெல்லப் பெரிதாகி, இடப்பக்கமாக விலகிச் சென்று, ஏறக்குறைய இருபது நிமிடங்களில் மறைந்தன; அதன் பிறகு வலப்பக்க நெற்றிப்பொட்டில் வலியும் குமட்டலும் வந்தன. அதற்குப் பின்னும் சில முறை இதே வரிசையில் வந்துபோய்விட்டது.

காரைக்குடியில் நான் பார்க்கும் மகப்பேறு மருத்துவர் பி.பி. பார்த்தார், 110/70 இருந்தது. சிறுநீரில் உப்பும் இல்லை. இது மைக்ரேன்தான் என்று சொல்லிப் பாராசிட்டமால் எழுதிக் கொடுத்தார். வெளியே வரிசை நீண்டிருந்ததால் விரிவாகக் கேட்க முடியவில்லை. அடுத்த முறை கோடுகள் மின்னும்போது, இது பழைய மைக்ரேன்தானா அல்லது பி.பி. ஏறியதால் வருகிறதா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? கல்யாணத்துக்கு முன்பு மெடிக்கலில் வாங்கிப் போட்ட ஒற்றைத் தலைவலி மாத்திரை ஒரு அட்டை மீதமிருக்கிறது, அதைப் போடலாமா? கண் மருத்துவரையும் பார்க்க வேண்டுமா? கண்ணில் பூச்சி பறப்பதெல்லாம் பித்தம் என்றும், தண்ணீர் அதிகம் குடித்தால் கால் வீங்கும் என்றும் அப்பத்தா சொல்கிறார்கள். அவர்கள் மனம் நோகாமல் என்ன பதில் சொல்வதென்றும் தெரியவில்லை.

பதில்: தேவகோட்டை, ஓய்வுபெற்ற செவிலியர்

அன்பு மகளுக்கு, அந்த மாத்திரை அட்டையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மெடிக்கல்களில் சீட்டு இல்லாமலே கொடுத்துவிடும் பழைய ஒற்றைத் தலைவலி மாத்திரைகள் பலவற்றில் எர்கோட்டமின் என்ற மருந்து கலந்திருக்கும். அது ரத்தக் குழாய்களைச் சுருக்கும். கர்ப்பப்பையையும் சுருங்க வைக்கும். கர்ப்பிணிகள் அதைத் தொடவே கூடாது. அட்டையின் பின்புறம் அந்தப் பெயர் இல்லாவிட்டாலும் அதை வீட்டில் வைத்திருக்க வேண்டாம். இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளும் 20-ஆவது வாரத்துக்குப் பிறகு ஆகாது. அவை குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கக்கூடும், கடைசி மூன்று மாதங்களில் குழந்தையின் இதயத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு ரத்தக் குழாயை முன்கூட்டியே மூடிவிடவும் கூடும். மைக்ரேன் வராமல் தடுப்பதற்காகச் சிலருக்குக் கொடுக்கும் வால்ப்ரோயேட், டோப்பிரமேட் ஆகியவை கருவின் வளர்ச்சியையே பாதிப்பவை. பாராசிட்டமால்தான் முதல் மருந்து. கோடுகள் தெரியத் தொடங்கியதுமே, மருத்துவர் எழுதிய அளவில் போட்டுக்கொண்டால் வலி முற்றுவதற்குள் பிடித்துவிடலாம். வாந்தியால் மாத்திரை வயிற்றில் தங்கவில்லை என்றால் அதற்கும் பாதுகாப்பான மருந்து இருக்கிறது; சொல்லிக் கேளுங்கள். எதுவுமே கேட்காதபோது மருத்துவர்கள் சுமாட்ரிப்டான் கொடுப்பதுண்டு. அது அவர்கள் எடுக்க வேண்டிய முடிவு.

இனி நீங்கள் கேட்ட முக்கியமான கேள்விக்கு வருகிறேன். கர்ப்பகால ரத்தக்கொதிப்பு பெரும்பாலும் 20-ஆவது வாரத்துக்குப் பிறகுதான் வரும். அது முற்றினால் ஜன்னி, அதாவது வலிப்பு, வரும். ஜன்னிக்கு முன்னறிவிப்பாக வருபவையும் தலைவலியும் பார்வைக் கோளாறுமே என்பதால்தான் குழப்பம் ஏற்படுகிறது. போதாக்குறைக்கு, மைக்ரேன் உள்ள பெண்களுக்கு இந்த ரத்தக்கொதிப்பு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சற்று அதிகம். எனவே சென்ற வாரம் பி.பி. சரியாக இருந்தது என்பது இந்த வாரத்துக்கான உத்தரவாதம் ஆகாது. கண்ணில் எப்படி மின்னியது, எந்தப் பக்கம் நகர்ந்தது என்று வீட்டில் உட்கார்ந்து ஆராய்ந்துகொண்டிருப்பதைவிட, ஒவ்வொரு முறையும் பி.பி. பார்த்துவிடுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. கையில் கட்டிப் பார்க்கும் டிஜிட்டல் கருவி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். காபி குடித்து அரை மணி நேரமாவது கழிந்த பின், முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, கை நெஞ்சு மட்டத்தில் இருக்கும்படி மேசையில் வைத்துப் பாருங்கள். வாங்கிய கருவியை ஒரு முறை மருத்துவமனைக்கு எடுத்துச் சென்று அங்குள்ள கருவியோடு ஒப்பிட்டுக்கொள்வதும் அவசியம்.

மேல் எண் 140 அல்லது கீழ் எண் 90 ஆகிவிட்டால் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். 160 அல்லது 110 தொட்டால் இரவு பகல் பார்க்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டியதுதான். எண் குறைவாகவே இருந்தாலும், வழக்கத்துக்கு மாறான தலைவலி, பாராசிட்டமாலுக்கு அடங்காத வலி, கண் முன் புகை மூடியதுபோல் மங்கல், வலப்பக்க விலாவுக்குக் கீழே வலி, முகமும் கைவிரல்களும் திடீரென்று வீங்குதல், குழந்தை அசைவது குறைதல் ஆகியவற்றில் எது இருந்தாலும் போய்க் காட்டிவிடுங்கள். ஒரு பக்கக் கை கால் மரத்துப்போனாலோ, பேச்சு குழறினாலோ, இடி விழுந்தாற்போல் நொடியில் தலைவலி உச்சத்துக்குப் போனாலோ பி.பி. கருவியைத் தேடிக்கொண்டிருக்காமல் உடனே கிளம்ப வேண்டும். உங்கள் ஊரிலிருந்து மதுரைக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகும் என்பதால், காரைக்குடி அரசு மருத்துவமனைக்கு முதலில் போய்விடுவது புத்திசாலித்தனம். மேலே அனுப்ப வேண்டியிருந்தால், ஜன்னியைத் தடுக்கும் மக்னீசியம் ஊசியை அங்கேயே தொடங்கி அனுப்ப முடியும்.

தனியார் மருத்துவரிடம் நிதானமாகப் பேச முடியவில்லை என்றால், ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கர்ப்பிணிகளுக்கென்று நடக்கும் சிறப்புப் பரிசோதனைக்குப் போகலாம். கூட்டம் அங்கும் இருக்கும். ஆனாலும் கேட்கத்தான் அந்த நாள்.

பதில்: கோட்டையூர்க்காரர், கண் பரிசோதகர், மதுரை

சகோதரிக்கு வணக்கம். மருந்து பற்றி மேலே செவிலியர் அம்மா சொல்லிவிட்டார்கள். கண்ணைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நீங்கள் கண்டது கண்ணில் நடப்பதன்று, மூளையின் பின்பகுதியில் நடப்பது. அங்கே பார்வைக்கான பகுதியில் நரம்பணுக்களின் செயல்பாடு அலைபோலக் கிளர்ந்து, பிறகு சற்று நேரம் அடங்கிப்போகிறது. கார்ல் லாஷ்லி என்ற அமெரிக்க அறிவியலாளர், தம் கண்முன் வந்த இதே கோடுகள் நகர்ந்த வேகத்தைத் தாமே குறித்துவைத்து, அந்த அலை மூளையில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நகர்கிறது என்று 1941-இல் கணக்கிட்டார். அப்படி அது ஊர்ந்து செல்வதால்தான் உங்களுக்கும் கோடுகள் சிறிதாகத் தொடங்கி, மெல்ல வளர்ந்து, விலகிப்போயின. இதை ஆரா என்கிறோம். ஐந்து நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இந்தக் கோடுகள் குழந்தையை நேரடியாக எதுவும் செய்வதில்லை. ஈஸ்ட்ரோஜன் மிகுந்திருக்கும் கர்ப்ப காலத்தில் ஆரா முதன்முறையாக வருவதும் உண்டு.

அடுத்த முறை வரும்போது ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், பிறகு மற்றதை மூடிப் பாருங்கள். எந்தக் கண்ணை மூடினாலும் கோடுகள் தெரிந்தால் அது மூளை சார்ந்தது. ஒரு கண்ணில் மட்டும் இருட்டினாலோ, திரை இறங்கினாற்போல் மறைத்தாலோ, மெல்லப் பரவாமல் ஒரே நொடியில் முழுதாக வந்தாலோ அது வேறு கதை. அன்றைக்கே விழித்திரையைப் பார்க்க வேண்டும். ரத்தக்கொதிப்பு அதிகமானால் விழித்திரைக்கு அடியில் நீர் கோத்துக்கொள்வதும் நடக்கும். உங்களுக்கு அப்படி எதுவும் இல்லை என்றே தோன்றுகிறது என்றாலும், இதுவரை ஒருமுறையும் விழித்திரையைப் பார்த்ததில்லை என்றால் ஒரு தடவை பார்த்துவிடுவதில் தவறில்லை. கண்ணாடி மட்டும் இப்போது மாற்ற வேண்டாம். கர்ப்பத்தில் கருவிழியில் நீர் சேர்வதால் பவர் மாறித் தெரியும். பிள்ளை பிறந்து சில வாரங்கள் ஆன பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பதில்: புதுவயல் ஆசிரியை

தங்கைக்கு, எனக்கு இரண்டு பிள்ளைகளின் போதும் இது இருந்தது. நம் ஊர் வீடுகளில் முகப்பில் உட்கார்ந்தால், வெயில் முற்றத்தில் விழுந்து, வழவழப்பான ஆத்தங்குடிக் கல்லில் பட்டு நேராகக் கண்ணில் அடிக்கும். மதியம் பதினொன்றிலிருந்து நான்கு வரை நான் முற்றத்துக்கு முதுகைக் காட்டியே உட்காருவேன். அல்லது இரண்டாம் கட்டுக்குள் போய்விடுவேன். நீங்கள் மடிக்கணினியையும் அங்கே மாற்றிக்கொள்ளுங்கள்.

பசி எனக்கு வெயிலைவிட மோசமான எதிரி. வெள்ளிக்கிழமை விரதம், சஷ்டி என்று எதையும் இப்போது இருக்க வேண்டாம். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார். இரவு சாப்பாட்டுக்கும் காலைப் பலகாரத்துக்கும் நடுவே இடைவெளி நீண்டால் விடிகாலையிலேயே வலி வரும் என்பதால், படுக்கும் முன் ஒரு டம்ளர் பாலும், தலைமாட்டில் கொஞ்சம் பொரிகடலையும் வைத்துக்கொள்வேன். காபியைத் திடீரென்று நிறுத்தினால் அதனாலேயே தலை வலிக்கும். நாளைக்கு இரண்டு சிறிய டம்ளரோடு நிறுத்திக்கொள்ளுங்கள், இரும்புச்சத்து மாத்திரை போடும் நேரத்துக்கு அருகில் மட்டும் வேண்டாம். சாம்பிராணியும் கட்டுக்கட்டாக மல்லிகைப்பூவும் எனக்கு ஆகவில்லை. வளைகாப்பு அன்றைக்குத் தலை நிறையப் பூ வைப்பார்கள். ஒரு முழம் போதும் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

அப்பத்தாவிடம் வாதாட வேண்டாம். நெற்றிக்குச் சுக்குப் பற்றுப் போடட்டும். அதில் கெடுதல் இல்லை, அவர்களுக்கும் மனம் நிறையும். தண்ணீர் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். தண்ணீராக வேண்டாம் என்றால் மோராகவும் இளநீராகவும் கேட்டுப் பாருங்கள், ஒருவரும் மறுக்க மாட்டார்கள். பி.பி. கருவியில் எண் பார்க்கும் வேலையையும் அப்பத்தாவிடமே ஒப்படைத்துவிடலாம். எங்கள் வீட்டில் ஆயாதான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாட்காட்டியின் ஓரத்தில் எழுதிவைத்தார்கள். அதற்குப் பிறகு பித்தம் என்ற பேச்சே வரவில்லை.

கோடுகள் தெரியும்போது எந்த வேலையில் இருந்தாலும் அப்படியே நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிடுங்கள். பாதிப் பார்வையோடு பட்டாலைப் படியில் இறங்குவதோ, ஸ்கூட்டி ஓட்டுவதோ, அடுப்படியில் நிற்பதோ கூடாது.

மீண்டும்: கானாடுகாத்தான் வாசகி

மூவருக்கும் மிக்க நன்றி. அட்டையை எடுத்துப் பார்த்தேன். செவிலியர் அம்மா சொன்ன அதே பெயர் இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டேன். கருவிக்கும் சொல்லியிருக்கிறேன். ஒரே ஒரு சந்தேகம்: குழந்தை பிறந்துவிட்டால் இது நின்றுவிடுமா?

பதில்: தேவகோட்டை, ஓய்வுபெற்ற செவிலியர்

பிரசவமானதும் ஈஸ்ட்ரோஜன் சட்டென்று இறங்குவதாலும், தூக்கம் கெடுவதாலும், பலருக்கு முதல் ஒரு வாரத்திலேயே மைக்ரேன் திரும்ப வரும். தாய்ப்பால் கொடுக்கும்போது பாராசிட்டமாலும் போடலாம், இபுபுரூஃபனும் போடலாம் என்பதால் மருந்துக்குச் சிரமம் இருக்காது. ஆனால் ரத்தக்கொதிப்பும் ஜன்னியும் பிரசவத்துக்குப் பிறகு ஆறு வாரம் வரை வரக்கூடும் என்பதை மறந்துவிட்டு, பிள்ளை பிறந்ததும் பி.பி. கருவியைப் பரணில் போட்டுவிடுகிறார்கள். அந்தத் தவறு வேண்டாம். முதுகில் ஊசி போட்டு அறுவை சிகிச்சை நடந்திருந்து, உட்கார்ந்தால் வலித்து, படுத்தால் விடுகிற தலைவலி வந்தால் அது ஊசியால் வருவது. மயக்க மருத்துவரிடம் சொன்னால் அதற்கு வழி இருக்கிறது.

நம் பக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் என்று சொல்லித் தண்ணீரை அளந்து கொடுக்கும் வழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. பிரசவத்துக்குப் பிறகு ரத்தம் உறையும் தன்மை ஏற்கெனவே கூடியிருக்கும். அதோடு உடம்பில் நீரும் வற்றினால், மூளையிலிருந்து ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் குழாய்களில் ரத்தம் உறைந்துவிட வழியுண்டு. நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகும் தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், வலிப்பு என்று அது வரும். பிரசவ மருந்து, பூண்டுக் குழம்பு, பத்தியச் சோறு எல்லாம் இருக்கட்டும். தண்ணீர் மட்டும் தாகத்துக்குக் குறையாமல் வேண்டும். இதை மாமியாரிடம் இப்போதே பேசிவையுங்கள், அந்த நேரத்தில் பேசினால் காதில் விழாது.

இன்னொன்றும் உண்டு. பிள்ளை பெற்ற பின் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு மாத்திரை கேட்டால், மாலா-என் போன்ற ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரைகளைக் கொடுப்பார்கள். ஆராவோடு மைக்ரேன் வருபவர்களுக்கு அவற்றால் பக்கவாதம் வரும் ஆபத்து கூடுவதால், அவை கூடவே கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் விதி. காப்பர்-டி வைத்துக்கொள்ளலாம். தலைவலிக்கும் குடும்பக் கட்டுப்பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்து யாரும் சொல்லவும் மாட்டார்கள், கேட்கவும் மாட்டார்கள்; ஆகவே அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது, "ஆராவுடன் கூடிய மைக்ரேன்" என்று உங்கள் தாய் சேய் நல அட்டையில் மருத்துவர் கையாலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.