ஓட்டு வீடும் பூந்தோட்டமும்: மழைக்கு முன் எதில் கை வைப்பது?

ஓட்டுவீட்டுக்காரி, தக்கலை பக்கம்

எல்லாருக்கும் வணக்கம். கேள்வியை முதலில் கேட்டுவிடுகிறேன், மற்றது அப்புறம். பழைய ஓட்டு வீடு, முன்னால் நாலைந்து சென்ட் காலி இடம். சித்திரை முடியப்போகிறது, ஜூன் பிறந்தால் தென்மேற்கு மழை வந்துவிடும். இருக்கிற இந்தக் கொஞ்ச நாளில் வீட்டு வேலையைப் பார்ப்பதா, பூச்செடிக்குக் குழி வெட்டுவதா?

வீடு மாமனார் காலத்தது. வெட்டுக்கல் (செம்பாறைக் கல்) சுவர், சுண்ணாம்புப் பூச்சு, கூரையைச் சரிவாகத் தாங்குகிற ஆஞ்சிலி மரக் கழுக்கோல், மேலே மங்களூர் ஓடு. கணவர் வெளிநாட்டில் இருக்கிறார், அதனால் வீட்டைப் பார்ப்பது நானும் மாமியாரும்தான். போன வருடம் சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. ஆள் இன்றைக்கு வருகிறேன் நாளைக்கு வருகிறேன் என்று இழுத்ததில் பொறுமை போய், கடையில் வாஷர் வாங்கி வந்து மேல்தொட்டி வால்வை அடைத்துவிட்டு நானே மாற்றினேன். அன்று ராத்திரி அந்தச் சொட்டுச் சத்தம் இல்லாமல் படுத்தபோது எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா! அப்புறம் ஜன்னல் கொண்டி, குளியலறைக் கதவின் கீல், துரு ஏறிய கேட் என்று ஒவ்வொன்றாகத் தொட ஆரம்பித்தேன். இப்போது பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் அன்றைக்கு ஏதாவது ஒரு வேலையை எடுத்துக்கொள்கிறேன், சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு அதைப் போய் இன்னொரு தடவை தொட்டுப் பார்க்கிறேன். சமையலும் பாத்திரமும் துணியும் எவ்வளவு செய்தாலும் மறுநாள் மறுபடி முதலிலிருந்துதான். முறுக்கி வைத்த கீல் மறுநாளும் அப்படியே இருக்கிறது. அது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

சொந்தக்காரர்கள் இடித்துவிட்டு கான்கிரீட் போடச் சொல்கிறார்கள். எனக்கு மனசு இல்லை, மாமியாருக்கும் இல்லை.

இப்போது பாக்கி இருப்பது: வடக்குச் சரிவில் ஒழுக்கு, கழுக்கோல் ஒன்றில் கரையான் மண், மழைக்காலத்தில் உப்பி மூடவே மாட்டேன் என்கிற முன்கதவு. தோட்டத்தில் பிச்சி (ஜாதிமல்லி), மல்லி, செம்பருத்தி, கேந்தி (செண்டுமல்லி) எல்லாம் ஆசை. ஏற்கெனவே சுவர் ஓரத்தில் வைத்த இட்லிப்பூச் செடி மட்டும் இலை மஞ்சளடித்து நிற்கிறது, சாணி போட்டும் தேறவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மரவேலைக்காரன், குலசேகரம்

அக்கா, கூரைதான் முதலில். இதில் யோசிக்கவே வேண்டாம். ஓடு நனைந்துவிட்டால் பாசி வழுக்கும், அப்புறம் தை மாசம் வரைக்கும் மேலே ஏற முடியாது, ஒழுகுகிற தண்ணீர் அதுவரைக்கும் கழுக்கோலைத் தின்னும்.

நல்ல வெயில் நேரத்தில் உள்ளே விளக்கை அணைத்துவிட்டு அண்ணாந்து பாருங்கள். எங்கெல்லாம் வெளிச்சம் புள்ளியாகத் தெரிகிறதோ அங்கெல்லாம் ஓடு விலகியிருக்கும் அல்லது விரிசல் விட்டிருக்கும். நேர் கீழே ரீப்பரில், அதாவது ஓடு மாட்டுகிற குறுக்குச் சட்டத்தில், சாக்பீஸால் குறி போடுங்கள். தரையில் தண்ணீர் விழுகிற இடத்துக்கு மேலேயே ஓட்டை இருக்கும் என்று நினைக்காதீர்கள், அது கழுக்கோல் வழியாக வழிந்து வந்து கீழே எங்கோ சொட்டும், எப்போதும் சரிவில் மேல்பக்கமாகத் தேட வேண்டும். மாற்றுவது சுலபம். மேல் வரிசை ஓட்டை லேசாகத் தூக்கி, உடைந்ததை உருவிவிட்டு, புதியதன் பின்பக்கக் குமிழ் ரீப்பரில் மாட்டும்படி நுழைத்தால் போதும். ஒன்று கவனிக்க வேண்டும். வேறு கம்பெனி ஓடு அளவு கொஞ்சம் மாறும், பக்கத்து ஓட்டோடு பொருந்தாது, அந்த இடுக்கில் காற்று புகுந்து மழையை உள்ளே அடிக்கும். உங்கள் ஓட்டின் பின்னால் இருக்கிற முத்திரையைப் பார்த்து, வீடு இடிக்கிற இடங்களில் அதே ஓடு கிடைக்குமா என்று தேடுங்கள். இப்போது நம் ஊர்ப் பக்கம் இடிக்கிற வீட்டுக்குப் பஞ்சமில்லை, எனக்கு அது வயிற்றெரிச்சல்தான், ஆனாலும் ஓடு வீணாகாமல் இன்னொரு கூரைக்குப் போனால் நல்லதுதானே.

முகட்டு ஓட்டிலும் ஓரத்து ஓட்டிலும் சாந்து பெயர்ந்திருக்கிறதா என்று கண்டிப்பாகப் பாருங்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது எங்கள் பக்கம் பல வீடுகளில் காற்று முதலில் தூக்கியது ஓரத்து ஓட்டைத்தான்.

கரையானுக்கு: ஸ்க்ரூடிரைவர் பிடியால் கழுக்கோலை முழு நீளத்துக்கும் தட்டிக்கொண்டே போங்கள். பொத்தென்று சத்தம் வருகிற இடத்தில் முனையால் குத்துங்கள். உள்ளே இறங்கினால் அது போய்விட்டது, மாற்ற வேண்டும் அல்லது பக்கத்தில் துணைக்கட்டை சேர்க்க வேண்டும். இறங்கவில்லை என்றால் மண்ணைச் சுரண்டிவிட்டு, அது தரையிலிருந்து எந்தச் சுவர் வழியாக ஏறி வந்தது என்று தேடிப் பிடியுங்கள், வழியை அடைக்காமல் மேலே மட்டும் மருந்து அடித்தால் திரும்ப வரும். நம் ஊரில் பழைய ஆட்கள் மரத்துக்குத் தேய்ப்பது அண்டியெண்ணெய், முந்திரி ஓட்டிலிருந்து எடுப்பது. நல்ல சாதனம், ஆனால் தோலில் பட்டால் பொள்ளிவிடும். கையுறையும் முழுக்கைச் சட்டையும் இல்லாமல் அதைத் தொடவே தொடாதீர்கள்.

கதவு. ஆடி மழையில் உப்பிய கதவை இழைப்புளி போட்டுச் சீவினால் மாசியில் விரல் நுழைகிற அளவுக்கு இடைவெளி நிற்கும். இப்போது காய்ந்திருக்கிறது, இப்போது பாருங்கள். முக்கால்வாசிக் கதவில் குற்றம் கீலில்தான், திருகாணி ஓட்டை பெரிதாகி கதவே தொங்கியிருக்கும். ஓட்டைக்குள் ஃபெவிகால் தடவிய மூங்கில் சிம்பு அடித்து, காய்ந்ததும் இன்னும் கொஞ்சம் நீளமான திருகாணி போடுங்கள். அப்புறம் கதவைக் கழற்றி, மேல் விளிம்பிலும் அடி விளிம்பிலும் பெயின்ட் அடியுங்கள். முகத்துக்கு மூன்று கோட் அடிக்கிற ஆட்கள் அந்த விளிம்புகளைத் தொடுவதே இல்லை, ஈரம் நுழைவது அங்கேதான்.

மாடிவீட்டு வாசி, நாகர்கோவில்

மேலே அண்ணன் சொன்னதெல்லாம் சரி, ஒன்றில் மட்டும் எனக்கு ஒப்புதல் இல்லை. ஓட்டில் ஏறுவதை ஆளிடம் விடுங்கள் அக்கா. வீட்டில் பெரிய ஆண்துணை இல்லை என்பதற்காகச் சொல்லவில்லை, ஆணாக இருந்தாலும் இதையேதான் சொல்வேன். கீழே நின்று குறி போடுவது, ஓடு தேடுவது, எந்த ஓட்டை மாற்ற வேண்டும் என்று காட்டுவது எல்லாம் நீங்கள் செய்யுங்கள், அதுவே பாதி வேலை. பழகிய ஆளுக்கு ஓட்டில் எங்கே கால் வைக்க வேண்டும் என்று தெரியும்.

நான் இருப்பது வாடகை வீடு. ஒரு ஆணி அடிக்கவும் கேட்டுத்தான் அடிக்க வேண்டும். உங்கள் பதிவைப் படித்துவிட்டு, ஆடிக்கொண்டிருந்த மின்விசிறி ரெகுலேட்டர் குமிழையாவது இறுக்கினேன்.

மரவேலைக்காரன், குலசேகரம்

தம்பி சொல்வது நியாயம். ஏணியைப் பிடிக்க ஒருத்தர் இல்லாமல் நானே ஏற மாட்டேன்.

பூக்காரன், தோவாளை

தங்கச்சி, ரெண்டையும் சேர்த்தே பார்க்கலாம், அதற்கு வழி இருக்கிறது. செடி வைப்பது மழைக்குப் பிறகு, ஆனால் குழி வெட்டுவது இப்போது. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி வெட்டி வெயிலில் காயப் போட்டுவிட்டு நீங்கள் கூரை வேலையைப் பாருங்கள். மழை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் மேல்மண்ணும் மக்கிய சாணியும் கலந்து நிரப்புங்கள். அடியில் கதம்பை (தேங்காய் மட்டை) போடுவது எங்கள் பக்கம் வழக்கம், ஈரத்தைப் பிடித்து வைக்கும். உங்கள் பக்கம் மழை அதிகம், அடியில் செம்பாறை தட்டுப்பட்டால் தண்ணீர் இறங்காமல் நிற்கும், அங்கே கதம்பை வேண்டாம், மண்ணைத் தரையைவிட அரை அடி உயர்த்திக் குவித்து வையுங்கள். தோவாளையில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று மண்ணைக் காயவைத்துவிடும், தக்கலையில் அப்படி இல்லை. ஒரே மாவட்டம்தான், ஆனால் எங்கள் தோட்டத்துக்கு ஒத்துவருவது அப்படியே உங்களுக்கு ஒத்துவராது, அதனால் யார் எதைச் சொன்னாலும் உங்கள் மண்ணைப் பார்த்து முடிவு பண்ணுங்கள்.

முதல் பெருமழை அடங்கி வெயிலும் சாரலுமாக மாறும்போது செடி வையுங்கள். மல்லிக்கும் பிச்சிக்கும் முழு வெயில் வேண்டும். தென்னை நிழலில் வைத்தால் இலை பச்சைப்பசேலென்று இருக்கும், பூ இருக்காது. கவாத்து ரொம்ப முக்கியம். மல்லிக்கு நவம்பர் கடைசியில், தரையிலிருந்து சுமார் 50 செ.மீ. விட்டு வெட்ட வேண்டும், பிச்சிக்கு டிசம்பர் கடைசியில், 75 செ.மீ. விட்டு. வெட்ட மனசு வராது, எல்லாருக்கும் அப்படித்தான். வெட்டினால்தான் புதுக் கிளை வரும், மொட்டு வருவது புதுக் கிளையில்தான்.

கேந்தி எங்கள் பக்கம் ஓணத்தைக் கணக்குப் பண்ணிப் போடுவது. ஓணம் வந்தால் தோவாளைச் சந்தையில் நடக்க இடம் இருக்காது, கேரளத்துக்கு அவ்வளவு பூ போகும். உங்களுக்கு வியாபாரம் இல்லை, அதனால் இந்த மழையில் கேந்தி வைத்து அழுகவிட வேண்டாம். ஐப்பசி பிறந்ததும் கூரைக்கு அடியில், தொட்டியில் நாற்று விடுங்கள், பொங்கல் சமயத்தில் பூ பார்க்கலாம். நட்டு ஒரு மாதத்தில் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை வெடித்து நிறையப் பூக்கும். அதன் வேர், மண்ணில் இருந்து செடி வேரைத் தாக்குகிற நூற்புழுவையும் அடக்கும், அடுத்து அதே இடத்தில் வைக்கிற செடிக்கும் நல்லது.

அரளியைக் கேட்கவில்லை நீங்கள், ஆனாலும் சொல்கிறேன். எங்கள் ஊர் மாணிக்கமாலை அரளிப் பூவும் நொச்சி இலையும் வைத்துக் கட்டுவது, அந்தச் செடி மேல் எனக்குப் பிரியம் உண்டு. ஆனால் இலை, பூ, தண்டு எல்லாமே விஷம். ஆடு மாடு, சின்னப் பிள்ளைகள் இருக்கிற முற்றத்தில் வேலிக்கு வெளியே வையுங்கள்.

பிச்சியை விரியும் முன்னால், மொட்டாகவே பறித்துவிட வேண்டும். முகூர்த்த நாளில் விலை எகிறும்போது வீட்டில் இருக்கிற ஒரு கொடியின் பூவை மாமியார் கையால் கட்டிச் சாமி படத்துக்குப் போடுவது சின்ன சந்தோஷமில்லை, பூவிலேயே வாழ்கிற எனக்கே வீட்டு முற்றத்துச் செடியில் பறிப்பது தனி.

ஓட்டுவீட்டுக்காரி, தக்கலை பக்கம்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. குழி நாளைக்கே தொடங்குகிறேன். ஓட்டுக்கு ஆள் சொல்லியாயிற்று, குறி போடுவது என் வேலை. இட்லிப்பூவுக்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லையே. அது நிற்கிற சுவரின் அடிப்பாகத்தில் போன வருடம் பூச்சு பெயர்ந்து விழுந்தது, கொத்தனார் சிமென்ட் வைத்துப் பூசிவிட்டுப் போனார். அந்த இடமும் இப்போது உப்புப் பூத்துப் பொரிகிறது.

ரிட்டயர்ட் டீச்சர், இரணியல்

மக்களே, உன் ரெண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான், அந்தச் சிமென்ட்.

இட்லிப்பூ புளிப்பு மண்ணை விரும்புகிற செடி. நம் செம்மண்ணில் தானாகவே நன்றாக வரும். சிமென்ட்டிலும் உதிர்ந்த சுண்ணாம்புப் பூச்சிலும் இருக்கிற காரம் மழைத் தண்ணீரில் கரைந்து வேரடிக்கு இறங்கும்போது, மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் செடியால் எடுக்க முடியாது. இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறதா பார். இருந்தால் அதுதான். மழை தொடங்கியதும் வேரோடு மண்ணும் சேர்த்துப் பெயர்த்து, சுவரை விட்டு மூன்றடி தள்ளி வை. கூரை வேலையில் விழுகிற சாந்துத் தூளையும் பழைய பூச்சையும் பூச்செடி வைக்கிற பக்கம் கொட்டவே கூடாது.

சுவருக்கு வருவோம். வெட்டுக்கல் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை மெல்ல வெளியே விடும், வீடு இத்தனை வருடம் நின்றது அப்படித்தான். அதன் மேல் சிமென்ட்டை அப்பினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்பையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு பக்கத்துப் பூச்சை உடைக்கும். சிமென்ட்டைக் கொத்தி எடுத்துவிட்டு, ஒரு பங்கு நீற்றிய சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் சேர்த்து, சுவரை நன்றாக நனைத்து, மெல்லிய பூச்சாக ஒன்றின் மேல் ஒன்றாக விட வேண்டும். கையில் படாமல் பார்த்துக்கொள், சுண்ணாம்பு சுடும். காற்றில் இருக்கிற கரியமில வாயுவை எடுத்துத்தான் அது இறுகும், அதற்கு நாள் ஆகும், அவசரப்படுத்த முடியாது. இப்போது தொடங்கினால் இறுகுமுன் மழை வந்து கரைத்துவிடும். இந்த மழையும் ஐப்பசி கார்த்திகை மழையும் போகட்டும், தையில் கொத்து. அதுவரைக்கும் பொரிந்த இடத்தைப் பார்த்து மனசு கஷ்டப்பட வேண்டாம்.

உனக்குத் தக்கலை பக்கம்தானே, பத்மநாபபுரம் அரண்மனைக்கு ஒரு நாள் மாமியாரையும் கூட்டிக்கொண்டு போ, திங்கட்கிழமை மட்டும் பூட்டியிருக்கும். கேரளத் தொல்லியல் துறை பராமரிக்கிறது. தரையைப் பார், கண்ணாடி மாதிரி மின்னும், சுண்ணாம்போடு சிரட்டைக் கரியும் முட்டை வெள்ளையும் சேர்த்தது என்று சொல்வார்கள். கழுக்கோல்கள் முகட்டில் சேருகிற இடத்தை நின்று பார். இடித்துப் போடச் சொல்கிற சொந்தக்காரர்களையும் கூட்டிப் போனால் இன்னும் நல்லது.

ஓட்டுவீட்டுக்காரி, தக்கலை பக்கம்

டீச்சர், இப்போதுதான் டார்ச் எடுத்துப் போய்ப் பார்த்தேன், நீங்கள் சொன்னபடியே நரம்பு பச்சை, மீதி மஞ்சள். சுவரைத் தை வரைக்கும் விட்டுவிடுகிறேன்.

கடைசியாக ஒன்று, மரவேலை அண்ணனுக்கு. ஆள் ஏறும்போதே இருட்டாக இருக்கிற சமையலறையில் ஒரு கண்ணாடி ஓடு வைக்கலாமா? மாமியார் ரொம்ப நாளாகக் கேட்கிறார்கள்.

மரவேலைக்காரன், குலசேகரம்

தாராளமாக வைக்கலாம். அடுப்புக்கு நேர் மேலே மட்டும் வேண்டாம், புகையும் எண்ணெயும் படிந்து சீக்கிரம் மங்கிவிடும். கிழக்குச் சரிவில், அம்மா காய் நறுக்குகிற இடத்துக்கு மேலே வரும்படி வையுங்கள். வாங்கப் போகும்போது உங்கள் பழைய ஓடு ஒன்றைக் கையோடு கொண்டுபோய் மேலே வைத்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.