ஸ்காட்டியர் அயர்லாந்திலிருந்து குடியேறியவர்கள்தாமா?

பொன்னிக்கரை வாசகன்:

நண்பர்களுக்கு வணக்கம். கி.பி. 500 வாக்கில் அயர்லாந்தின் வடகிழக்கு மூலையான ஆண்ட்ரிமிலிருந்து எர்க்கின் மகன் ஃபெர்கஸ் தன் கூட்டத்தாருடன் கடல் கடந்து இன்றைய ஆர்கைல் பகுதிக்கு வந்து டால் ரியாட்டா என்ற அரசை நிறுவினான் என்றும், அந்த ஸ்காட்டியரின் பெயரே பின்னர் நாடு முழுமைக்கும் ஆகிவந்தது என்றும் படித்திருக்கிறேன். அண்மையில் ஒரு கட்டுரையில், அப்படியொரு குடியேற்றம் நடந்ததற்குத் தொல்லியல் தடயம் எதுவும் இல்லை என்று கண்டேன். போதாக்குறைக்கு, 1320இல் ஸ்காட்லாந்துப் பிரபுக்கள் போப்பாண்டவருக்கு அனுப்பிய அர்ப்ரோத் மடல், தங்கள் முன்னோர் சித்தியாவிலிருந்து ஸ்பெயின் வழியாக வந்தவர்கள் என்கிறது. மூன்றில் எதை நம்புவது?

ஏடு புரட்டி:

முதலில் பெயரை எடுத்துக்கொள்வோம். குழப்பத்தில் பாதி அங்கேதான் இருக்கிறது. 4ஆம் நூற்றாண்டு ரோமானியர் 'ஸ்காட்டி' என்று எழுதியபோது பெரும்பாலும் அவர்கள் மனத்தில் இருந்தவர்கள், பிரிட்டனின் மேற்குக் கரையைப் படகேறி வந்து கொள்ளையடித்த அயர்லாந்துக்காரர்கள். 360ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளை விவரிக்கும் ரோம வரலாற்றாசிரியர் அம்மியானுஸ் மார்செல்லினுஸ் இவர்களை, வட ஸ்காட்லாந்தின் பழங்குடிகளான பிக்டியருடன் சேர்த்தே குறிப்பிடுகிறார். 9ஆம் நூற்றாண்டுத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்காட்டஸ் எரியுஜெனாவின் பெயரில் 'ஸ்காட்டஸ்' என்பதும் அயர்லாந்துக்காரர்தான், 'எரியுஜெனா' என்பதும் அயர்லாந்தில் பிறந்தவர்தான். ஒரே செய்தியை இருமுறை சொல்லும் பெயர் அது.

ஃபெர்கஸ் கதைக்கு வருகிறேன். 731இல் தம் வரலாற்றை எழுதி முடித்த பீட் என்ற துறவிக்கு ஃபெர்கஸைத் தெரியாது. ஸ்காட்டியரை அழைத்து வந்த தலைவனாக அவர் சொல்லும் பெயர் ரியூடா. ஃபெர்கஸ் வந்ததாகக் கூறும் ஆண்டுக்குறிப்பு பிற்காலத்தில் சேர்க்கப்பட்டது என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து. நிறுவனர் யார் என்பதிலேயே ஏடுகள் ஒத்துப்போகாதபோது, அவற்றை வம்சாவளி பாடும் ஏடுகளாகத்தான் படிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அர்ப்ரோத் மடலில் கவனிக்க வேண்டியது, அது அயர்லாந்தைப் பற்றி மூச்சே விடவில்லை என்பது. ஸ்பெயினிலிருந்து நேரே 'இன்றைய இருப்பிடத்துக்கு' வந்துவிடுகிறார்கள். ஆனால் அன்றைய ஸ்காட்லாந்து மன்னர் ராபர்ட் புரூஸ், அயர்லாந்தின் மன்னர்களுக்கு எழுதிய வேறொரு கடிதத்தில், நம் இரு மக்களும் ஒரே குலத்தில் தோன்றியவர்கள், மொழியாலும் வழக்கத்தாலும் ஒன்றுபட்டவர்கள் என்று உறவு கொண்டாடுகிறார். அவர் தம்பி எட்வர்ட் 1315இல் படையோடு அயர்லாந்தில் இறங்கி, 1318இல் அங்கேயே போரில் மடிந்தார். படைத்துணை வேண்டியபோது உறவு நினைவுக்கு வந்தது. நாங்கள் எவர்க்கும் கட்டுப்படாத தனி இனம் என்று போப்பிடம் வாதாட வேண்டியபோது அந்த உறவு மடலில் இடம்பெறவில்லை.

கிளைட் கரையான்:

நான் கிளாஸ்கோவில் வசிப்பதால் டால் ரியாட்டாவின் கோட்டையான டனாடுக்கு இரண்டு முறை சென்றிருக்கிறேன். சதுப்பு நிலத்தின் நடுவே தனியாக எழுந்து நிற்கும் ஒரு பாறைக்குன்று அது. உச்சிக்குச் சற்றுக் கீழே பாறையில் ஒற்றைப் பாதத்தடம் குடையப்பட்டிருக்கிறது. அரியணை ஏறும் மன்னன் அதில் கால் பதித்திருப்பான் என்பது பொதுவான கருத்து. (மூலத்தைக் காக்க இப்போது மேலே ஒரு நகலைப் பதித்திருக்கிறார்கள். காலை வைத்துப் பார்க்காமல் யாரும் திரும்புவதில்லை, நானும்தான்.) அருகிலேயே பிக்டியர் பாணியில் ஒரு காட்டுப்பன்றியும், அயர்லாந்துக்குரிய ஓகம் எழுத்தில் ஒரு வரியும் இருக்கின்றன. அகழாய்வில் உடையூசி வார்க்கும் அச்சுகளும், பிரான்சுப் பக்கத்திலிருந்து வந்த மட்கலங்களும், சுவடிகளுக்கு மஞ்சள் வண்ணம் தீட்ட உதவும் அரிதாரத்துண்டு ஒன்றும் கிடைத்தன.

இந்த அகழாய்வுகளில் பங்குகொண்ட யூவன் கேம்பெல்தான், குடியேற்றக் கதைக்கு ஆதாரம் எங்கே என்று 2001இல் கேட்டவர். ஆண்ட்ரிமில் மக்கள் வாழ்ந்தது வட்ட மண்மதில் சூழ்ந்த வீடுகளில். ஆர்கைலிலோ கல்மதில் கோட்டைகளும், ஏரிக்குள் மரத்தாலும் கல்லாலும் அமைத்த தீவு வீடுகளும்தான் முன்னும் பின்னும் தொடர்ந்து வருகின்றன. உடையூசிகளின் வகையும் வேறு. அயர்லாந்துக்காரர் உண்மையாகவே குடியேறிய தென்மேற்கு வேல்ஸில் ஓகம் கற்கள் ஏராளமாக நிற்க, ஆர்கைலில் அவை மிக அரிது. அவர் முடிவு இதுதான்: ஆர்கைலில் இருந்தவர்கள் எங்கிருந்தும் வரவில்லை, கடலின் இரு கரையிலும் ஒரே மொழி பேசிய மக்கள் வெகு காலமாகவே இருந்தார்கள்.

இதை நேரில் பார்த்தால் வியப்பாகத் தோன்றாது. ஆர்கைலின் தென்கோடியான கிண்டையர் முனையில் வானம் தெளிந்த நாளில் நின்றால் ஆண்ட்ரிமின் குன்றுகள் எதிரே தெரிகின்றன. இடையில் உள்ள கடல் சுமார் 20 கிலோமீட்டர்தான். ஆர்கைலிலிருந்து கிழக்கே போவதற்கோ மலைத்தொடரைத் தாண்ட வேண்டும். டால் ரியாட்டாவின் குடிக்கணக்கைச் சொல்லும் பழைய ஏடு, இருபது வீட்டுக்கு ஏழு இருக்கை கொண்ட இரண்டு படகுகள் என்று கடற்படைக்கான வரியை வகுக்கிறது. கடலைத் தெருவாகப் புழங்கியவர்களுக்கு அக்கரை அந்நிய நாடாக இருந்திருக்காது.

சொல்லாய்வு மாணவி:

கரையான் ஐயா சொன்னதை மறுக்கவில்லை. ஆயினும் மொழியின் பக்கம் ஒரு முடிச்சு இருக்கிறது. கெல்டிய மொழிகளில் பழைய 'க்வ' ஒலி வேல்ஸ் மொழியில் 'ப' ஆயிற்று, அயர்லாந்துக்காரரும் ஸ்காட்டியரும் பேசிய கேலிக்கில் 'க' ஆயிற்று: மகனுக்கு அங்கே 'மாப்', இங்கே 'மாக்', தலைக்கு அங்கே 'பென்', இங்கே 'கியான்'. (கிண்டையர் என்பதே நிலத்தின் தலை என்று பொருள்படும் கேலிக் பெயர்.) ஆனால் 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க நிலவியலாளர் தாலமி அந்தக் கிண்டையர்ப் பகுதியில் குறிக்கும் குடியின் பெயர் எபிடியோய், குதிரையைக் குறிக்கும் சொல்லின் 'ப' வடிவம் அது. அப்படியானால் அன்று அங்கே பேசியது கேலிக் அல்ல, பிற்பாடு யாரோ கொண்டுவந்தார்கள் என்று வாதிடலாம். தாலமிக்குச் செய்தி தந்தவர் 'ப' மொழிக்காரராக இருந்து பெயரைத் தம் வாய்க்கேற்பத் திரித்திருப்பார் என்பது கேம்பெல் தரப்பின் விடை. அது பொருந்தக்கூடிய விடைதான். ஆனால் வழக்கை முடித்துவிடும் விடை அல்ல. பெருந்திரளாக வந்து இறங்கினார்கள் என்பதை நான் நம்பவில்லை. சில ஆளும் குடும்பங்களாவது இடம்பெயர்ந்திருக்கலாம் என்பதை மட்டும் தள்ளிவிட மாட்டேன்.

பொன்னிக்கரை வாசகன்:

மூவருக்கும் நன்றி. ஒரு துணைக்கேள்வி: ஸ்காட்டியர் என்றால் கேலிக் பேசியவர்கள் எனில், இன்று 'ஸ்காட்ஸ்' எனப்படும் மொழி ஆங்கிலத்துக்கு உறவாக இருப்பது எப்படி?

சொல்லாய்வு மாணவி:

தெற்கே தாழ்நிலத்தில் ஆங்கிலத்துக்கு உறவான மொழியைப் பேசியவர்கள், 15ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரை அதை 'இங்லிஸ்' என்றே அழைத்தார்கள். அரசவையும் நகரங்களும் அவர்கள் மொழிக்கு மாறிய பிறகு, அந்நூற்றாண்டின் இறுதியிலிருந்து அதற்கே 'ஸ்காட்டிஸ்' என்று பெயர் சூட்டிக்கொண்டார்கள். கேலிக்குக்கு அவர்கள் வைத்த பெயர் 'எர்ஸ்', அதாவது அயர்லாந்து மொழி. அந்தப் பெயருக்கு உரிய மொழியைப் பேசிவந்த ஆர்கைல்காரர், பல நூற்றாண்டுகள் கழித்துத் தம் சொந்த ஊரிலேயே அயர்லாந்து மொழி பேசுகிறவர் ஆகிவிட்டார்.