குழாயை எடுப்பது கொலையா?

கொள்ளிடக்கரையான்:
அப்பாவுக்கு 81 வயது. நுரையீரல் புற்றுநோய் எலும்பு வரை பரவிவிட்டது. மூச்சுத் திணறிய இரவில் பயந்துபோய் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். "மூச்சுவிட ட்யூப் போடவா?" என்றார்கள். போடுங்கள் என்றேன். அப்புறம் ஒன்பது நாள் ஐசியூ. பிடுங்கிவிடுவார் என்று இரண்டு கைகளையும் கட்டிலோடு கட்டிவிட்டார்கள். எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சியபோது, "கையெழுத்துப் போட்டு வீட்டுக்குக் கொண்டு போங்கள்" என்று மட்டும் பதில் வந்தது. கடைசியில் ஒரு சொட்டுப் பால் ஊற்றக்கூட வழியில்லை, வாயில் குழாய். சாகப்போகிறவருக்கு இதை மறுப்பது பாவமில்லை என்று இப்போது நம்புகிறேன்.

கரிசல்காட்டான்:
உங்கள் வலி புரிகிறது அண்ணா. ஆனாலும் ஒப்ப மாட்டேன். எங்கள் விருதுநகர்ப் பக்கம் தலைக்கூத்தல் என்று ஒன்று உண்டு. படுக்கையில் விழுந்த கிழவருக்கு விடியற்காலையில் தலை நிறைய எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவார்கள், இளநீராகக் கொடுப்பார்கள். காய்ச்சல் கண்டு போய்விடுவார். செய்தவர்களும் "கஷ்டப்படாமல் போகட்டும்" என்றுதான் சொன்னார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பயம்.

இரவுப்பணி செவிலி:
வலிதணிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். தலைக்கூத்தல், சாகாதவரைச் சாக வைப்பது. இங்கே பேசுவது, வந்துவிட்ட சாவைக் குழாய் போட்டு நிறுத்தி வைக்காமல் இருப்பது. உச்ச நீதிமன்றம் 2018-இல் இதை அனுமதித்தது, 2023-இல் நடைமுறையை எளிதாக்கியது. மருத்துவமனைக் குழு ஒன்று, அதைச் சரிபார்க்க வேறு மருத்துவர்கள் கொண்ட இரண்டாவது குழு. இரண்டும் ஒப்ப வேண்டும், குடும்பமும் சம்மதிக்க வேண்டும், நீதித்துறை நடுவருக்கும் தெரிவிக்க வேண்டும். பிள்ளை ஒருவர் தலையாட்டினால் நடந்துவிடாது. சிகிச்சையை நிறுத்தினாலும் கவனிப்பு நிற்காது. மூச்சுத் திணறலுக்குக் குறைந்த அளவு மார்ஃபின் கொடுப்போம். வாயை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இருப்போம். வீட்டார் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்காரலாம்.

கரிசல்காட்டான்:
காகிதத்தில் சரி. கர்நாடகத்தில் சுகாதாரத் துறை இதற்கு உத்தரவு போட்டதே 2025 ஜனவரியில்தான். அதோடு அருணா ஷான்பாகை நினைத்துப் பாருங்கள். 1973-இல் தாக்கப்பட்டு நினைவிழந்த செவிலி. மும்பை கே.ஈ.எம். மருத்துவமனைச் செவிலியர்கள் 2015-இல் அவர் இறக்கும்வரை ஊட்டி, குளிப்பாட்டி, பார்த்துக்கொண்டார்கள். உணவை நிறுத்தக் கேட்ட மனுவை 2011-இல் நீதிமன்றம் ஏற்கவில்லை. அந்தப் பெண்கள் "பயனில்லை" என்று சொல்லவில்லையே?

இரவுப்பணி செவிலி:
அவர்களை நினைத்தால் எனக்கும் கண் கலங்கும். நான் அங்கே இருந்திருந்தால் நானும் ஊட்டியிருப்பேன். ஆனால் அருணா தானாக மூச்சுவிட்டார், சாகும் தறுவாயில் இல்லை. இந்த அண்ணனின் அப்பாவுக்கு நோய் முடிவுக்கு வந்துவிட்டது. இரண்டையும் ஒன்றாக்காதீர்கள்.

கரிசல்காட்டான்:
சரி, அந்த வித்தியாசத்தை ஒப்புக்கொள்கிறேன். இன்னொன்றுக்குப் பதில் சொல்லுங்கள். கையில் காசு இருக்கும்வரை "முயற்சி செய்வோம்" என்கிறார்கள். நகை அடகுக்குப் போய், நிலமும் போன பிறகுதான் "இனி ஒன்றுமில்லை". ஏழை வீட்டில் இந்த முடிவை எடுப்பது மருத்துவரா, பில்லா?

கொள்ளிடக்கரையான்:
பல வீடுகளில் பில்தான். அதை மறுக்க என்னால் முடியாது. அதனால்தான் நோயாளி நினைவோடு இருக்கும்போதே தன் வாயால் சொல்லிவிட வேண்டும் என்கிறேன். அப்பாவிடம் ஒரு நாளும் கேட்கவில்லை. அபசகுனம் என்று நினைத்தேன். அம்மாவுக்கு இப்போது 74. நேற்றுக் கேட்டேவிட்டேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே, "என் கையைக் கட்டக் கூடாது. உங்க அப்பாவுக்குக் கட்டின மாதிரி" என்றார். அம்மாவின் இந்த விருப்பத்தைத் திங்கட்கிழமை எழுதி, நோட்டரியிடம் கையெழுத்து வாங்கப் போகிறோம்.

கரிசல்காட்டான்:
போய் வாருங்கள் அண்ணா. இரண்டு சாட்சி வேண்டும். சொத்தில் பங்கில்லாத ஆட்களாகப் பார்த்துக் கூப்பிடுங்கள். எழுதுவதற்கு முன்னால் அம்மாவிடம் தனியாக, நீங்கள் யாரும் இல்லாமல், அவர்களில் ஒருவர் இன்னொரு முறை கேட்கட்டும்.