டொக்டராகவும் இருந்து, இரண்டு விளையாட்டில் நாட்டுக்காகவும் ஆடுவது: யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு இது இனி முடியுமா?

கோண்டாவில் அப்பா எழுதியது:

வணக்கம். என் மகள் சாதாரண தரம் எழுதி முடித்துவிட்டாள். உயர்தரத்துக்கு பயோ எடுக்கப் போகிறாள், டொக்டராக வேண்டும் என்பது அவளுடைய சொந்த ஆசை. பள்ளிக்கூடத்தில் வலைப்பந்தாட்ட அணியிலும் இருக்கிறாள், பட்மின்டனும் ஆடுகிறாள். ரியூசனில் சேர்க்கப் போனபோது, இரண்டையும் இன்றோடு விட்டால்தான் வரலாம் என்று சொல்லிவிட்டார்கள். அவள் வீட்டுக்கு வந்து அழுதாள்.

இந்த நேரத்தில்தான் டொக்டர் படி ரீட் (Buddy Reid) பற்றி வாசித்தேன். கல்கிசை புனித தோமஸ் கல்லூரியில் படித்தவர். 1960களில் இலங்கை அணிக்குத் துடுப்பாட்டம் ஆடினார், மேசைப்பந்தாட்டத்திலும் நாட்டுக்காக ஆடினார், வைத்தியராகவும் ஆனார். பிறகு அவுஸ்திரேலியாவில் குடியேறினார். நம் நாட்டில், நம் பாடத்திட்டத்தில் படித்த ஒருவர் இதைச் செய்திருக்கிறார். அப்படியென்றால் என் பிள்ளையிடம் "இரண்டையும் விடு" என்று சொல்வது எந்த வகையில் நியாயம்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நல்லூரடி:

அண்ணை, உங்கள் கவலை விளங்குகிறது. ஆனால் அந்தக் காலத்து உதாரணத்தைக் கொண்டுவந்து இந்தக் காலத்துப் பிள்ளையின் தலையில் வைக்காதீர்கள்.

இலங்கைக்கு டெஸ்ட் அந்தஸ்து கிடைத்தது 1981இல். முதல் டெஸ்ட் 1982 பெப்ரவரியில். அதற்கு முன்பு இலங்கை அணிக்கு ஆடுவது பெரிய கௌரவம்தான், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வருடத்தில் சில ஆட்டங்கள்தான் இருந்தன. வீரர்கள் எல்லோரும் கிழமை நாளில் வேலைக்கோ படிப்புக்கோ போய்விட்டு சனி ஞாயிறில் ஆடியவர்கள். இன்று தேசிய அணி என்றால் ஒப்பந்தம், முகாம், மாதக்கணக்கில் பயணம்.

படிப்புப் பக்கம் பாருங்கள். மருத்துவபீட அனுமதியில் 40 வீதம் அகில இலங்கை திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், மீதி 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. உங்கள் மகள் போட்டி போடுவது பெரும்பாலும் இதே யாழ் மாவட்டப் பிள்ளைகளோடு. அந்தப் பிள்ளைகள் விடிய நாலு மணிக்கு எழும்பிப் படிக்கிறார்கள். பல்கலைக்கழக அனுமதிக்காக உயர்தரம் மூன்று தடவைதான் எழுதலாம், அதற்குப் பிறகு வாசல் மூடிவிடும். விளையாட்டை இரண்டு வருடம் கழித்துத் தொடங்கலாம். அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளியை அப்படித் தேட முடியாது.

மைதானத்தான்:

நான் பள்ளிக்கூடத்தில் பல வருடம் பயிற்சி கொடுத்தவன். நல்லூரடி சொல்லும் கணக்கை எத்தனையோ பெற்றோர் என் முன்னால் நின்று சொல்லியிருக்கிறார்கள்.

அயர்லாந்தில் கெவின் ஓ'பிளானகன் என்று ஒரு டொக்டர். டப்ளினில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தவர், 18 வயதில், 1937இல், நோர்வேக்கு எதிராக அயர்லாந்து உதைபந்தாட்ட அணிக்கு ஆடினார். படிப்பு முடிந்து லண்டனில் வைத்தியராக வேலை பார்த்த காலத்தில் ஆர்சனல் கழகத்துக்கு ஆடினார், அதுவும் சம்பளம் வாங்காத வீரராக. 1946இல் ஒரு சனிக்கிழமை பிரான்சுக்கு எதிராக அயர்லாந்து ரக்பி அணி, அடுத்த சனிக்கிழமை ஸ்கொட்லாந்துக்கு எதிராக அயர்லாந்து உதைபந்தாட்ட அணி. ஒரு கிழமைக்குள் இரண்டு விளையாட்டு! ஓட்டத்திலும் நீளம் பாய்தலிலும் வேறு தேசிய சம்பியன். அவருடைய தம்பி மைக்கேலும் இரண்டு விளையாட்டிலும் நாட்டுக்கு ஆடியவர். கெவின் பின்னாளில் அயர்லாந்து ஒலிம்பிக் அணிக்கு வைத்தியராகப் போனார், சர்வதேச ஒலிம்பிக் குழுவிலும் உறுப்பினரானார். விளையாட்டு அவருடைய மருத்துவத்தைக் கெடுக்கவில்லை. அவருடைய மருத்துவத்துக்கு ஒரு திசையையே அதுதான் கொடுத்தது.

அவ்வளவு தூரம் ஏன்? யாழ் மத்திய கல்லூரியில் உயரம் பாய்ந்த எதிர்வீரசிங்கம் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்குக்கு இளம் வயதிலேயே போனார். 1958இல் டோக்கியோவில் ஆசிய விளையாட்டுத் தங்கம், இலங்கைக்கே அதுதான் முதல் ஆசியத் தங்கம். பிறகு அமெரிக்காவில் படித்துக் கலாநிதிப் பட்டம் பெற்றார். அவர் வைத்தியர் அல்ல, ஒரு விளையாட்டுத்தான். ஆனால் பாய்ச்சல் அவருடைய படிப்பை விழுங்கிவிட்டது என்று யாராவது சொல்ல முடியுமா?

நல்லூரடி:

ஐயா, உங்கள் மீது மரியாதை உண்டு. ஆனால் இந்தக் கதைகளில் யார் செலவைத் தாங்கினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

டபிள்யூ. ஜி. கிரேஸை எடுங்கள். இரண்டு விளையாட்டு டொக்டர் என்றால் அவர்தான் பெரிய பெயர். இங்கிலாந்துக்கு 22 டெஸ்ட் ஆடினார், 1880இல் ஓவலில் இங்கிலாந்தின் முதல் டெஸ்ட் சதத்தை அடித்தார். 1903இலிருந்து புல்தரையில் பந்து உருட்டும் போல்ஸ் ஆட்டத்தில் இங்கிலாந்து அணிக்குத் தலைவராக இருந்தார். எல்லாம் சரி. அவர் மருத்துவம் படிக்கத் தொடங்கியது 1868இல், தேறியது 1879இல். 11 வருடம்! வைத்தியரான பிறகும், அவர் ஆடப் போகும் நாட்களில் நோயாளிகளைப் பார்க்க வேறொரு வைத்தியரை வைப்பதற்கு குளோஸ்டர்ஷயர் கழகம் பணம் கொடுத்தது.

கோண்டாவில் அண்ணையின் மகளுக்கு 11 வருடம் யார் கொடுப்பார்கள்? அவளுக்குப் பதிலாக வார்டில் நிற்க யார் ஆள் பிடித்துக் கொடுப்பார்கள்?

கொக்குவில் டொக்டர்:

நான் யாழ் மருத்துவபீடத்தில் படித்தவன். பல்கலைக்கழகத்துக்காக ஒரு விளையாட்டு ஆடினேன், நாட்டுக்காக அல்ல. இரண்டு பேரும் ஒரு விஷயத்தைக் குழப்புகிறீர்கள். உயர்தரக் காலம் வேறு, எம்பிபிஎஸ் காலம் வேறு, இன்டேர்ன் எனும் வைத்தியசாலைப் பயிற்சிக் காலம் வேறு.

எம்பிபிஎஸ் ஐந்து வருடம். முதல் இரண்டு வருடத்தில் பின்னேரங்கள் ஓரளவு நம் கையில் இருக்கும். நான் மைதானத்துக்குப் போனது அப்போதுதான். வார்டு வேலை தொடங்கியபின் நேரம் சுருங்கும், ஆனாலும் இருக்கும். உண்மையாகவே உடம்பை உடைப்பது கடைசியில் வரும் ஒரு வருட இன்டேர்ன். இரவும் பகலும் ஒன்றாகிவிடும். அந்த வருடம் தேசிய முகாமில் நிற்கிறேன் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

உலகத்தில் இன்று இதைச் செய்கிறவர்கள் இரண்டையும் ஒன்றாகச் செய்வதில்லை, ஒன்றன்பின் ஒன்றாகச் செய்கிறார்கள். எரிக் ஹைடன் 1980 குளிர்கால ஒலிம்பிக்கில் பனிச்சறுக்கு வேக ஓட்டத்தில் ஐந்து தங்கம் எடுத்தவர், 500 மீட்டரிலிருந்து 10,000 மீட்டர் வரை. பிறகு சைக்கிளோட்டத்துக்கு மாறி 1986இல் டூர் டி பிரான்சிலும் ஓடினார். ஸ்டான்போர்ட்டில் மருத்துவப் பட்டம் பெற்றது 1991இல், வயது 33. இப்போது எலும்பு முறிவுச் சத்திரசிகிச்சை நிபுணர். ஆக, மகள் இப்போது விளையாட்டை விடாமல் இருக்கலாம், மருத்துவத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம். அதில் கேவலம் ஒன்றும் இல்லை.

சுண்டிக்குளி அக்கா:

டொக்டர், அந்தக் கடைசி வரியை மட்டும் என்னால் ஏற்க முடியாது.

உங்கள் ஹைடனோடு கனடாவின் ஹேலி விக்கன்ஹைசரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐஸ் ஹொக்கியில் நான்கு ஒலிம்பிக் தங்கம், 2000 சிட்னி ஒலிம்பிக்கில் சொஃப்ட்போல் அணியிலும் ஆடினார். விளையாட்டிலிருந்து 2017இல் ஓய்வு பெற்றார், 2021இல் கல்கரியில் மருத்துவப் பட்டம் எடுத்தார். எனக்கு மிகவும் பிடித்த பெண். ஆனால் அவருக்கும் ஹைடனுக்கும் அது ஏன் முடிந்தது? அந்த நாடுகளில் வேறொரு படிப்பை முடித்துவிட்டுத்தான் மருத்துவத்துக்கே போகிறார்கள். 25 வயதிலும் போகலாம், 38 வயதிலும் போகலாம். நம் நாட்டில் அரச மருத்துவபீடத்துக்குள் போக உயர்தரம்தான் வழி. அந்த வயதில் கிடைக்கவில்லை என்றால், பிறகு உள்ளே போவது மிகவும் கடினம். வெளிநாட்டில் காசு கட்டிப் படிப்பது எல்லோருக்கும் முடிகிற காரியமா?

அதனால் "முதலில் விளையாடு, பிறகு படி" என்ற வழி எங்கள் பிள்ளைகளுக்கு இல்லவே இல்லை. எங்களுக்கு இருப்பது ரீட்டும் ஓ'பிளானகனும் போன வழி மட்டும்தான், இரண்டையும் ஒன்றாகக் கொண்டுபோவது. அதையும் அடைத்துவிட்டால் விளையாட்டு டொக்டர் ஒருவர்கூட இங்கிருந்து வரமாட்டார்.

நானும் வலைப்பந்தாட்டம் ஆடினேன். உயர்தரத்துக்காக நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தினேன். மைதானத்தில் நின்ற அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? கெமிஸ்ரிக்கு இன்னொரு ரியூசன். ஏற்கெனவே ஒரு இடத்தில் படித்த அதே அலகுகளை இன்னொரு இடத்தில் மறுபடியும் கேட்டேன். யாழ்ப்பாணத்தில் பயோ படித்தவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். ஒரு பாடத்துக்கு இரண்டு சேர் (ஆசிரியர்), கையேட்டுக்கு ஒன்று, பேப்பர் கிளாசுக்கு ஒன்று. நாங்கள் விளையாட்டை விட்டுக்கொடுத்தது படிப்புக்காக இல்லை, கேட்டதையே திரும்பக் கேட்பதற்காக. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

நல்லூரடி:

அக்கா, உங்கள் கோபம் நியாயம். ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. என் அக்காவின் மகன் கெட்டிக்காரன். உயர்தர வருடத்தில் மாகாணப் போட்டி, தேசியப் போட்டி என்று போனான். முதல் தடவை மருத்துவம் மயிரிழையில் தப்பியது. இரண்டாம் தடவை மனம் விட்டுப்போய் எழுதினான், அதிலும் கிடைக்கவில்லை. அந்த வீட்டில் இன்றுவரை யாரும் விளையாட்டைப் பற்றிக் கதைப்பதில்லை. உங்களுக்கு விட்ட விளையாட்டு வலிக்கிறது. அவனுக்கு விடாத விளையாட்டு வலிக்கிறது.

வட்டுக்கோட்டைக்காரன்:

எல்லோரும் டொக்டர் டொக்டர் என்றே கதைக்கிறீர்கள். மத்திய கல்லூரிப் பெடியன் வியாஸ்காந்த் 2024இல் ஐபிஎல்லில் ஹைதராபாத் அணிக்குப் பந்து போட்டதை ஊரே பார்த்தது. புன்னாலைக்கட்டுவன் தர்ஜினி வலைப்பந்தில் இலங்கையைத் தூக்கி நிறுத்தியவர். அவர்கள் டொக்டராகவில்லை என்று யாராவது குறைசொன்னார்களா? பிள்ளைக்கு விளையாட்டு நன்றாக வந்தால் விளையாட்டையே முழுதாகக் கொடுத்தால் என்ன?

கோண்டாவில் அப்பா:

தம்பி, அவள் டொக்டராக வேண்டும் என்கிறாள். அதையும் நான் மதிக்க வேண்டும் அல்லவா?

மைதானத்தான்:

நல்லூரடி, உங்கள் மருமகன் கதைக்கு மனம் வருந்துகிறேன். ஆனால் அவன் எந்த மாதம் எந்தப் போட்டிக்குப் போனான் என்று யாராவது உட்கார்ந்து திட்டமிட்டார்களா? பயிற்சியாளர் ஒரு பக்கம் இழுப்பார், ரியூசன் ஒரு பக்கம் இழுக்கும், நடுவில் நின்று கணக்குப் பார்க்க ஆள் இருக்காது. பெரும்பாலும் பிழை நடப்பது அந்த இடத்தில்தான்.

கோண்டாவில் அண்ணைக்கு என் யோசனை இது. ரீட்டின் இரண்டாவது விளையாட்டு எது என்று கவனித்தீர்களா? மேசைப்பந்து. பகல் வெளிச்சம் தேவையில்லை, மழை தடுக்காது, எதிரில் ஒரு ஆள் இருந்தால் போதும், ஒரு மணித்தியாலத்தில் நல்ல பயிற்சி முடிந்துவிடும். உங்கள் மகளின் பட்மின்டனும் அப்படிப்பட்டதுதான், மண்டபத்தில் இரவு ஏழு மணிக்கும் ஆடலாம். வலைப்பந்து அணி விளையாட்டு. மற்ற ஆறு பேர் வரும் நேரத்துக்குத்தான் அவளும் வர வேண்டும், போட்டிக்கு வெளியூர் போனால் நாள் கணக்கில் போகும். உயர்தரம் முடியும்வரை பட்மின்டனை முழுதாகவும், வலைப்பந்தைப் பள்ளிக்கூட மட்டத்தில் மட்டும் என்றும் வையுங்கள். பரீட்சை வருடத்தில் வெளியூர்ப் போட்டி வேண்டாம் என்று பயிற்சியாளரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். பல்கலைக்கழகம் போனால் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டிகள் இருக்கின்றன, அங்கே வலைப்பந்தை மீண்டும் எடுக்கலாம். இந்த நாட்டில் தேசிய அணிப் பெண்கள் பலர் வங்கியிலோ படையிலோ வேலை பார்த்துக்கொண்டுதான் வலைப்பந்து ஆடுகிறார்கள். வேலையோடு ஆடலாம் என்றால் மருத்துவபீடத்தின் முதல் இரண்டு வருடத்தோடும் ஆடலாம்.

கொக்குவில் டொக்டர்:

அக்கா சொன்ன "வாசல் ஒரு வயதில்தான் திறக்கும்" என்பதற்கு என்னிடம் மறுபேச்சில்லை. ஐயாவின் திட்டத்தில் ஒன்றைச் சேர்க்கிறேன். நித்திரையை வெட்டி நேரம் எடுக்காதீர்கள். விடிய நாலு மணி எழும்புதலும் மாலைப் பயிற்சியும் இரவு பன்னிரண்டு வரை படிப்பும் என்றால் மூன்று மாதத்தில் பிள்ளை காய்ச்சலில் விழும். படித்ததும் நிற்காது. வெட்ட வேண்டியது அக்கா சொன்ன இரண்டாவது கெமிஸ்ரி வகுப்பை.

நல்லூரடி:

என் கருத்து மாறவில்லை. உயர்தரம் முடியும்வரை ஒன்றையும் ஆடாமல் இருப்பதே பாதுகாப்பு என்றுதான் இன்னும் நினைக்கிறேன். ஆனால் ஆடத்தான் போகிறாள் என்றால் ஒரு நிபந்தனை வையுங்கள், அண்ணை. ஒவ்வொரு தவணைப் புள்ளியையும் மேசையில் வைத்து அவளோடு கதையுங்கள். இரண்டு தவணை தொடர்ந்து இறங்கினால் ராக்கெட்டை அவளே எடுத்து வைக்கட்டும். நீங்கள் பறிக்க வேண்டாம். என் மருமகனிடம் நாங்கள் பறித்தோம், அதுதான் அவனை அதிகம் உடைத்தது.

கோண்டாவில் அப்பா:

எல்லோருக்கும் நன்றி. இதை முழுவதும் மகளுக்கு வாசித்துக் காட்டினேன். நிபந்தனைக்குச் சம்மதம் என்றாள். வலைப்பந்தைக் குறைப்பதற்குத்தான் இன்னும் சம்மதம் இல்லை, அதை அவளும் பயிற்சி ரீச்சரும் கதைத்து முடிவெடுக்கட்டும்.

இப்போது என் கேள்வி வேறு. பட்மின்டன் பயிற்சி செவ்வாயும் வெள்ளியும் மாலை. கோண்டாவில், கொக்குவில், திருநெல்வேலிப் பக்கம் அந்த இரண்டு நாளும் தவிர்த்து கெமிஸ்ரி வகுப்பு வைக்கும் நல்ல சேர் யாராவது இருந்தால் தெரியப்படுத்துங்கள். ஒரே ஒரு வகுப்புத்தான் போடப் போகிறேன்.

சுண்டிக்குளி அக்கா:

திருநெல்வேலியில் ஒருவர் இருக்கிறார், புதன் பின்னேரமும் சனி காலையும் வகுப்பு. தனிமடலில் விபரம் அனுப்புகிறேன். மகள் விளையாடுகிறாள் என்பதை முதல் நாளே அவரிடம் சொல்லுங்கள், அவர் குறை சொல்லமாட்டார்.