சங்கம்பழமும் இசங்கும் ஒன்றுதானா?

சாயல்குடிக்காரன்:
எங்கள் அப்பத்தா 'சங்கம்பழம்' என்று சொல்லும். கண்மாய்க் கரையில் முள்ளுப் புதருக்குள் வெள்ளை வெள்ளையாக, மிளகைவிடக் கொஞ்சம் பெரிசாக இருக்கும், சின்ன வயதில் கையைக் கீறிக்கொண்டு பறித்துத் தின்றிருக்கிறோம். தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்து பதினைந்து நாள். அந்தச் செடி இலையைத்தான் அரைத்துக் கொடுக்கணும் என்று அம்மா சொல்கிறார். வைத்தியர் சீட்டில் 'இசங்கு' என்று இருக்கிறது. மருந்துக்கடையில் சங்கு என்று கேட்டால் காய்ந்த நீலப்பூவைப் பொட்டலம் கட்டித் தருகிறார்கள். எதுதான் சரி?

திருப்புல்லாணி அக்கா:
தம்பி, நீலப்பூ சங்குப்பூ. காக்கணங்கொடி என்பதும் அதுதான். அவரை மாதிரி காய்க்கிற கொடி, அதில் ஏது பழம்? அப்பத்தா சொன்னதும் வைத்தியர் எழுதியதும் ஒரே செடி. இசங்கு, முட்சங்கு, சங்கஞ்செடி எல்லாம் அதற்குத்தான் பேர். சளி இருமலுக்கும் அந்த இலையைத்தான் எடுப்போம். கடையில் 'சங்கு' என்று மொட்டையாகக் கேட்டால் இப்படித்தான் ஆகும்.

தேவிப்பட்டினத்தான்:
அக்கா சொன்னது சரி, ஆனால் நம் கடலோரத்தில் இன்னொரு சங்கும் இருக்கிறதே. உப்பங்கழி ஓரமெல்லாம் மண்டிக் கிடக்கும் சங்கங்குப்பி, பீச்சங்கு என்றும் சொல்வார்கள், கசக்கினால் பேருக்கு ஏற்ற வாடை. அதில் முள் கிடையாது, வெள்ளைப் பூவிலிருந்து சிவப்பு நரம்பு நீட்டிக்கொண்டிருக்கும். அதுவும் மருந்துதான், சொறி சிரங்குக்கு. பிள்ளை பெற்றவளுக்கு அதை அரைத்துக் கொடுத்துவிடாதீர்கள். இசங்கில் கணுவுக்குக் கணு முள், பெரும்பாலும் நாலு. தாவரவியல் பேரே அசிமா டெட்ராகாந்தா, டெட்ராகாந்தா என்றால் நாலு முள். இலை நுனியும் ஊசி மாதிரி குத்தும். பொடியாக மட்டும் வாங்காதீர்கள், பொடியில் முள்ளை எங்கே போய் எண்ணுவது?

சாயல்குடிக்காரன்:
வீட்டுக்குப் பின்னாலேயே ஒரு புதர் நிற்கிறது அண்ணே. நாலு முள் சரியாக இருக்கிறது, விரலில் வாங்கியும் பார்த்தாச்சு. ஆனால் இத்தனை வருஷத்தில் அதில் ஒரு பழம்கூடப் பார்த்த ஞாபகம் இல்லையே, அதுதான் உதைக்கிறது.

தேவிப்பட்டினத்தான்:
அது ஆண் செடியாக இருக்கும். இசங்கில் ஆண் தனி, பெண் தனி, பெண்ணில்தான் பழம். எதற்கும் ஒரு கொப்பை முள்ளோடு ஒடித்துப் போய் வைத்தியரிடம் காட்டிவிடுங்கள். எவ்வளவு கொடுப்பது என்பதையும் அவரிடமே கேளுங்கள்.

திருப்புல்லாணி அக்கா:
பழத்தோடு பார்த்தால்தான் மனசு ஆறும் என்றால் கண்மாய்க் கரைப் புதரையே போய்ப் பாருங்கள் தம்பி, அப்பத்தாவையும் கூட்டிக்கொண்டு.