முற்பணம் கட்டிவிட்டேன் என்பதற்காக முறாபஹா தர மறுக்கிறார்கள். இது நியாயமா?

முத்தையன்கட்டுக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். இடதுகரையில் மூன்று ஏக்கர் வயல் செய்கிறேன். என் பழைய இருசக்கர உழவு இயந்திரம் போன சிறுபோகத்தோடு படுத்துவிட்டது. புதிதுக்கு விலை பேசினேன், 740,000 ரூபாய்.

லீசிங் எடுக்க மனைவி விடமாட்டாள். எங்கள் ஒழுங்கையில் குழுக்கடன் எடுத்த பெண்கள், வசூலிக்க வருபவரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் படலையைச் சாத்திவிட்டு வாழைக்குள் ஒளிந்து நின்றதைப் பார்த்தவள் அவள். அதில் ஒருத்திக்குப் பிணை நின்று காப்பை அடகு வைத்தவளும் அவள்தான். வட்டி என்ற சொல்லே வீட்டில் ஆகாது.

தண்ணீரூற்றில் கடை வைத்திருக்கும் நானா ஒருவர், வவுனியாவில் ஒரு நிதி நிறுவனத்தில் வட்டியில்லாப் பிரிவு இருக்கிறது, முறாபஹா என்று பொருளை வாங்கித் தவணைக்கு விற்பார்கள், சைவக்காரருக்கும் தருவார்கள் என்றார். போனேன். அங்கிருந்த பிள்ளை மரியாதையாகத்தான் பேசினாள், என் பற்றுச்சீட்டைக் காணும்வரை. விலை ஏறப்போகிறது என்று கடைக்காரர் அவசரப்படுத்தியதால் 140,000 கட்டி, மிகுதியைப் பிறகு தருவதாகச் சொல்லி, முழு விலைக்கும் என் பெயரில் பில் எழுதி வாங்கியிருந்தேன். "ஐயா, இது இப்போது உங்களுடைய பொருள். உங்களுடைய பொருளை நாங்கள் எப்படி உங்களுக்கே விற்பது?" என்று திருப்பி அனுப்பிவிட்டாள்.

காசு தர மனமில்லாததற்கு இது ஒரு சாட்டா? வட்டிக்கு இன்னொரு பெயர் வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவு சுத்தம் எதற்கு?

பட்டாணிச்சூர் நானா

தம்பி, அந்தப் பிள்ளையைத் திட்டாதீர்கள். இப்படியொரு பிரிவில் பதினொரு வருடம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். அவள் சரியாகச் செய்திருக்கிறாள்.

கடன் என்றால் உங்கள் கையில் காசைத் தந்துவிட்டுக் காசுக்கு மேல் காசு கேட்பது. அதுதான் ரிபா, மார்க்கம் விலக்கிய வட்டி, அதைத் தொடக்கூடாது. முறாபஹா என்பது வியாபாரம். நிறுவனம் இயந்திரத்தைத் தன் பெயரில் வாங்க வேண்டும், பிறகு அடக்கவிலை இது, எங்கள் இலாபம் இது என்று மறைக்காமல் சொல்லி உங்களுக்குத் தவணைக்கு விற்க வேண்டும். அந்த இடைநேரத்தில் இயந்திரம் லொறியிலிருந்து விழுந்தால் நட்டம் நிறுவனத்துக்கு. அந்தப் பொறுப்பை ஏற்பதால்தான் இலாபம் ஹலால். பில் உங்கள் பெயரில் இருந்தால் அந்த நேரமே இல்லை. பிறகு உங்களுக்குத் தருவது வெறும் காசுதான்.

ஒரு தடவை பேசிய விலை பிறகு கூடாது. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் கொள்கை வட்டியை ஏழு சதவீதப் புள்ளி உயர்த்தியபோது, முறாபஹாவில் வாங்கியவர்களின் தவணை அசையவில்லை. பிந்தினால் தண்டப்பணம் உண்டு, ஆனால் அது தருமத்துக்குப் போகும், நிறுவனம் வருமானமாக எடுக்க முடியாது.

நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில்தான் முஸ்லிம்கள் இருக்கும் நாட்டில் இந்த முறை சும்மா வரவில்லை. வங்கி பொருள் வாங்கி விற்பதா என்று பழைய சட்டம் முகம் சுளித்தது. இன்றைய அமானா வங்கியை 1997இல் முதலீட்டு நிறுவனமாகத்தான் தொடங்க முடிந்தது. 2005இல் வங்கிச் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் இலாப நட்டப் பங்கில் வைப்புப் பெற வழி பிறந்தது. அமானா முழு வங்கியாகக் கதவு திறந்தது 2011 ஓகஸ்ட்டில். கொமர்ஷல் வங்கியும் ஹட்டன் நஷனல் வங்கியும் தனிப் பிரிவு வைத்ததும் அதையொட்டித்தான். சைவர், வேதக்காரர் எல்லோரும் வரலாம், சட்டத்திலும் தடையில்லை, மார்க்கத்திலும் தடையில்லை.

பெரியமடு

நானா சொல்வது புத்தகத்தில் உள்ளது. நடப்பதையும் சொல்ல வேண்டும். 1990 ஒக்டோபரில் எங்களை வடக்கிலிருந்து துரத்தியபோது எனக்கு ஆறு வயது. புத்தளத்தில் வளர்ந்து திரும்பி வந்தவன். கடைக்குச் சரக்கெடுக்க மூன்று தடவை முறாபஹா வாங்கியிருக்கிறேன். நிறுவனத்தின் முகவராக நானே போய் வாங்குவதற்கு ஒரு தாள், அவர்களிடமிருந்து நான் வாங்குவதற்கு இன்னொரு தாள், இரண்டிலும் ஒரே மேசையில் ஒரே பேனாவால் கையெழுத்து. சரக்கை அவர்கள் கண்ணால் கண்டதில்லை. இலாபத்தைத் தீர்மானிக்கும்போதும் சந்தை வட்டியைப் பார்த்துத்தான் தீர்மானிக்கிறார்கள்.

முழாரபா எங்கே? ஒருவர் காசு, ஒருவர் உழைப்பு, வந்த இலாபத்தில் பங்கு. எங்களைப் போன்ற சிறிய கடைக்காரரின் கொப்பிக் கணக்கை யாரும் நம்புவதில்லை, அதனால் கேட்டாலும் கிடைப்பதில்லை. ஸலம் எங்கே? எத்தனை மூட்டை, என்ன இன நெல், எந்தத் திகதி என்று எழுதி, முழு விலையையும் விதைக்கும்போதே விவசாயியிடம் கொடுக்கும் ஒப்பந்தம் அது. வன்னிக்கென்றே செய்தது போல இருக்கிறது. இங்கே நடப்பதோ, ஆலை முதலாளி அரைவாசிக் காசைத் தந்துவிட்டு அறுவடை நாளில் தன் வாய்க்கு வந்த விலையைச் சொல்வது.

பரந்தன் சந்தி

அண்ணா, இலாபத்தையும் கூட்டி மொத்தம் எவ்வளவு என்று கேட்டீர்களா? லீசிங்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெயருக்காக அதிகம் கொடுக்காதீர்கள்.

முத்தையன்கட்டுக்காரன்

பதில் எழுதியவர்களுக்கு நன்றி. பிந்தி வருகிறேன், விதைப்பு வேலை.

கடைக்காரர் முதலில் முறுகினார். பிறகு என் பில்லைக் கிழித்து, 140,000ஐத் திருப்பித் தந்து, நிறுவனத்தின் பெயருக்கு விலை எழுதிக் கொடுத்தார். அடக்கவிலை 740,000, இலாபம் 132,000. நான் முதலில் 140,000 கட்டினால் மிகுதி மாதம் 30,500 வீதம் 24 மாதம். பரந்தன் தம்பி, லீசிங்கைவிட மொத்தத்தில் ஏழாயிரம் கூட. மனைவி பரவாயில்லை என்றாள். ஸலம் பற்றிக் கேட்டேன், அந்தப் பிள்ளை சிரித்துவிட்டு, தலைமையகத்துக்கு எழுதுவதாகச் சொன்னாள்.

பெரியமடுத் தம்பி, என் விடயத்தில் ஒரே மேசையில் முடியவில்லை. பிள்ளையே வவுனியாவிலிருந்து பஸ்ஸில் வந்தாள். இயந்திரம் கடை வாசலில் நின்றது. காசைக் கட்டி, இயந்திர இலக்கத்தைக் கொப்பியில் எழுதி, படமும் எடுத்தாள். எனக்கு விற்கும் தாளுக்கு அனுமதி வர அரை மணித்தியாலம் ஆகும் என்றாள். அதற்குள் மழை பிடித்துவிட்டது. நான் எழும்பவில்லை. அவள்தான் ஓடிப்போய்க் கடைக்காரரிடம் தறப்பாள் கேட்டு வாங்கி, இயந்திரத்தை இழுத்து மூடினாள்.