அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒரு குழி

மதி: செல்வம் மாமா, நாங்கள் பார்த்த மனை ரொம்பப் பிடித்துவிட்டது. அந்தப் பக்கம் பாதாளச் சாக்கடை கிடையாது, செப்டிக் டேங்க்தான். பொட்டுத் தண்ணீர் நிற்காத மண் என்கிறார் விற்பவர். வாரக் கடைசியில் அட்வான்ஸ் கேட்கிறார்.

செல்வம் மாமா: அவசரப்படாதே மதி. வெயில் காலத்தில் எந்த நிலமும் காய்ந்துதான் கிடக்கும். நல்ல மழைக்குப் பிறகு எப்படி இருக்கும் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பாபு: டேங்கை கான்கிரீட்டில் பலமாகக் கட்டிவிட்டால் மண் எப்படி இருந்தால் என்ன மாமா?

செல்வம் மாமா: டேங்க் பாதி வேலைதான் செய்யும் பாபு. கசடு அடியில் தங்கும், எண்ணெய்ப் பிசுக்கு மேலே மிதக்கும். நடுவில் உள்ள தண்ணீர் வெளியே வரும்போது அதில் கிருமி இருக்கத்தான் செய்யும். அதைச் சுத்தம் செய்வது மண். அதற்கு மண்ணுக்குள் காற்றோட்டம் வேண்டும். டேங்க்கிலிருந்து வரும் தண்ணீரை மண்ணில் இறக்கும் உறிஞ்சு குழியின் அடிக்கும், மழைக்கால நீர்மட்டத்துக்கும் நடுவே குறைந்தது 2 முதல் 4 அடி ஈரம் தேங்காத மண் இருக்க வேண்டும்.

லதா அத்தை: விற்பவரிடம் கேட்டுவிட்டு ஒரு குழி வெட்டிப் பார் மதி. ஆழமான குழிக்குள் மட்டும் யாரும் இறங்காதீர்கள், கரை சரியும். மேலிருந்தே படம் எடு.

மதி: (படம்) வெட்டியாயிற்று மாமா. தாழ்வான மூலையில் 6 அடி. மேலே பழுப்பாக இருக்கிறது. 3 அடிக்குக் கீழே சாம்பல் நிறம், நடுநடுவே துருப் பிடித்த மாதிரி செம்புள்ளிகள்.

செல்வம் மாமா: நான் பயந்தது இதைத்தான். வருடத்தில் சில காலம் தரைக்கு 3 அடி கீழே வரை தண்ணீர் ஏறி நிற்கிறது. நீரில் ஊறிக் காற்றில்லாமல் கிடந்தால் மண்ணிலுள்ள இரும்பு கரைந்து நிறம் வெளுத்துவிடும், காற்றுப் படும் இடத்தில் துருவாகப் படியும். அந்த மண்ணை ஈரமாக்கிக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் நசுக்கித் தள்ளிப் பார்.

மதி: அறுந்து விழாமல் பட்டையாக 2 அங்குலத்துக்கு மேல் நீள்கிறது.

செல்வம் மாமா: நல்ல களிமண். அங்கே வேண்டாம். மேட்டுப் பக்கமும் பார்த்துவிடுவோம். அங்கே இன்னொரு குழி வெட்டி மண்ணைப் பார். பக்கத்திலேயே உறிஞ்சு குழி வரும் ஆழத்துக்குச் சின்னக் குழி ஒன்று போடு. சுவரை ஆணியால் கீறிவிடு, மண்வெட்டி பட்டு மெழுகினாற்போல் இருந்தால் அளவு தப்பாக வரும். அடியில் கொஞ்சம் சல்லி போட்டு, தண்ணீர் ஊற்றி இரவு முழுக்க ஊறவிடு. மறுநாள் மறுபடி ஊற்றி, அரை மணிக்கு ஒரு முறை எத்தனை சென்டிமீட்டர் இறங்குகிறது என்று எழுது. இறங்கும் அளவு ஒரே சீரான பிறகு வருவதுதான் கணக்கு.

பாபு: காய்ந்த மண்ணில் ஊற்றி உடனே அளந்தால் என்ன?

செல்வம் மாமா: காய்ந்த மண் முதலில் வேகமாகக் குடிக்கும், அதை நம்பி ஏமாந்துபோவோம். வீட்டில் தினமும் தண்ணீர் ஓடப்போகிறது, ஊறிய மண் என்ன செய்கிறது என்பதுதான் நமக்கு வேண்டும்.

மதி: மேட்டுக் குழியில் அடிவரை பழுப்புதான், சாம்பல் இல்லை. கடைசி அரை மணியில் 4 சென்டிமீட்டர் இறங்கியது. ஆசையில் தாழ்வான மூலையிலும் பார்த்தோம், 1 சென்டிமீட்டர்தான்.

செல்வம் மாமா: ஒரு அங்குலம், அதாவது 2.5 சென்டிமீட்டர் இறங்க எத்தனை நிமிடம் என்பதுதான் கணக்கு. மேட்டில் 19 நிமிடம், நல்ல அளவு. தாழ்வில் 75 நிமிடம். 60 தாண்டினாலே வழக்கமான உறிஞ்சு குழி சரிப்படாது. மிக வேகமாக இறங்கினாலும் ஆபத்துதான். வெறும் மணலிலும் வெடிப்பு விழுந்த பாறையிலும் கழிவு சுத்தமாகாமலே நிலத்தடி நீருக்குப் போய்விடும்.

மதி: அப்போ மேட்டுப் பக்கம் வைத்துக்கொள்ளலாமா?

லதா அத்தை: வேலியை ஒட்டிப் பக்கத்துக்காரர் கிணறு தெரிகிறதே படத்தில்?

செல்வம் மாமா: நல்லவேளை கண்ணில் பட்டது. பல இடங்களில் 15 முதல் 30 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பார்கள், உள்ளூர் விதியைக் கேட்டுக்கொள். அவர்கள் குடிக்கிற தண்ணீர் அது. டேப் பிடித்து அள மதி, கண்ணளவு வேண்டாம். பழைய குழி அடைத்துக்கொண்டால் மாற்றுக் குழிக்கும் அதே தூரத்தில் இடம் இருக்கிறதா என்று பார்.

மதி: நாளைக் காலையில் அளக்கிறோம். அதுவரை அட்வான்ஸ் பேச்சு வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.